மறிப்பு, தவணை, கெடு: ஷட்டவுன் தாமதத்துக்கு மூன்று சொற்கள்

வணக்கம்ங்க. லினக்ஸ் தமிழாக்கத்தில் 'இன்ஹிபிட்டர் லாக்' (ஷட்டவுனைத் தள்ளிவைக்கும் கோரிக்கை) என்பதற்கு வரைவில் இருக்கும் 'தடுப்புப் பூட்டு' வேண்டாம். பூட்டு என்றதும் படிக்கிறவர் கடவுச்சொல்லைத்தான் தேடுவார். இங்கே நடப்பது, ஒரு நிரல் சிஸ்டம்டியிடம் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருள்) "கொஞ்சம் பொறு" என்று சொல்லி வைப்பது. அதில் முக்கியமாக இரண்டு வகை. 'பிளாக்': அந்த நிரல் விடும்வரை ஷட்டவுன் நிற்கும். இதற்கு 'மறிப்பு'. 'டிலே': சேமித்து முடிக்க நேரம் கேட்பது. இதற்கு 'தவணை'. தவணைக்கு உச்சவரம்பு 5 நொடி. உபுண்டுவில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானாகப் புதுப்பிக்கும் நிரல்) இருந்தால் 30. 'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்' கொடுத்தால் மறிக்கும் நிரலின் பெயர், காரணம், வகை எல்லாம் வரும். மறிப்பை மீறி அணைக்க 'சிஸ்டம்சிடிஎல் பவர்ஆஃப் -ஐ'.

---

மறிப்பும் தவணையும் சரியா இருக்குதுங்கண்ணா. ஆனால் 'ஸ்டாப் டைம்அவுட்'டுக்கும் தவணை என்றே சிலர் எழுதுகிறார்கள், அது ஒட்டாது. தவணை நிரல் கேட்பது. டைம்அவுட் சிஸ்டம் விதிப்பது. அதற்குக் 'கெடு' என்று வைக்கலாம்ங்க. "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்று திரை நிற்கிறதே, அந்த 90 நொடிதான் கெடு; ஃபெடோரா 38 முதல் 45. அது தீர்ந்தால் சேவைக்கு 'சிக்கில்' (SIGKILL, உடனே நிறுத்தும் சமிக்ஞை) அனுப்பிக் கொன்றுவிடும்.

சொல் கலந்தால் ஆள் தவறான கோப்பைத் திருத்துவார். தவணைக்கான அமைப்பு 'லாகின்டி.கான்ஃப்' கோப்பில், கெடுவுக்கானது 'சிஸ்டம்.கான்ஃப்' கோப்பில். திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் கரண்ட் போய், பேட்டரி தேய்ந்த யுபிஎஸ்ஸில் கணினி ஓடும்போது இந்தக் குழப்பம் இருக்கக் கூடாது. இன்னொன்று: 'யூசர் மேனேஜர் ஃபார் யூஐடி 1000' (பயனரின் சேவைகளை நடத்தும் சேவை) என்று நின்றால், சிஸ்டம்.கான்ஃபில் 15 நொடி போட்டும் குறையாது. அந்தச் சேவைக்குத் தனிக் கெடு, 120 நொடி. உள்ளே ஓடும் பயனர் சேவைகளுக்கான கெடுவை யூசர்.கான்ஃபில் குறைக்க வேண்டும். அதற்கும் முன்னால் 'ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ' கொடுத்து முந்தைய முறை ஓடியதன் பதிவைப் பார்த்து எது சிக்கியது என்று கண்டுபிடித்து, அந்தச் சேவைக்கு மட்டும் 'டைம்அவுட்ஸ்டாப்செக்' (அதன் கெடுவைக் குறிக்கும் அமைப்பு) போடுவதே நல்லது. பொதுக் கெடுவைச் சுருக்கினால் ஒழுங்காக எழுதி முடிக்கும் சேவையும் பாதியில் சாகும்.

---

சரிங்க தம்பி, கெடு பொருந்துது. ஆனால் பொத்தானில் 'கெடு' என்று தனியாக நின்றால் 'பாழாக்கு' என்ற ஏவல் மாதிரியே படும். இடைமுகத்தில் 'நிறுத்தக் கெடு' என்று முழுதாகவே போடுவோம். பிழைச் செய்தி: "நிறுத்தக் கெடு முடிந்தது, சேவை வலிந்து நிறுத்தப்படுகிறது."