புதுப்பிப்பு: பழைய ஆஷ்ட்ரேக்கள் – முலாம், கனத்த கண்ணாடி, மெழுகுவர்த்தி

பித்தளை ஆஷ்ட்ரேயைப் புளி போட்டுத் துலக்கிச் சாவித்தட்டாக வைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். விடுபட்டவை இதோ.

புளியைத் தொடும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். தேய்த்தால் முலாம் போய்த் துரு ஏறும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். ஒட்டவில்லை என்பதற்காக அசல் பித்தளை என்று விலை கொடுத்துவிடாதீர்கள், துத்தநாக வார்ப்பிலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கக் கீறலில் சாம்பல் நிறம் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

முரானோ (இத்தாலியின் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன தீவு) வகைக் கனத்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றவே கூடாது. உட்புறம் சட்டென விரியும், வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கும். அங்கேதான் விரிசல் பிறக்கிறது. வெதுவெதுப்பான நீர் 1 லிட்டர், சமையல் சோடா 2 மேசைக்கரண்டி, பாத்திர சோப்பு சில சொட்டு. இரவு முழுக்க ஊறட்டும். மிஞ்சும் பழுப்புக் கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். தங்க வரி இருந்தால் சோப்பு நீர் மட்டும்.

கண்ணாடி ஆஷ்ட்ரேயில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் அதே விரிசல் ஆபத்துதான். அடியில் 1 செ.மீ. உலர்ந்த மணல் பரப்பி, அதன்மேல் சிறு அலுமினியக் கிண்ண மெழுகுவர்த்தியை வையுங்கள்.

செடி? வடிகால் துளை இல்லை, வேர் அழுகும். மண் தேவைப்படாத டில்லாண்ட்சியா சரிவரும். மிட்டாய் மட்டும் வேண்டாம்: பழைய பீங்கான் மெருகில் ஈயம் இருக்கலாம்.

ஏர் இந்தியாவுக்காக 1967இல் ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி வடிவமைத்த பீங்கான் ஆஷ்ட்ரே யாரிடமாவது இருந்தால், இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டுங்கள்.