100 நாள் வேலைக்கு நிதி ஏறியதா, இறங்கியதா? பட்ஜெட் கணக்கை எப்படிப் பார்ப்பது?

சேரன்மகாதேவி மாணவி:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். 2025 மே 1 கிராம சபையில் 100 நாள் வேலைக்கான மத்திய ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசச் சொல்லி எங்கள் ஊர் மகளிர் குழுவில் கேட்டிருக்கிறார்கள். பி.காம். படிக்கிற பிள்ளைக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள். தேடிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 60,000 கோடியிலிருந்து 86,000 கோடியாக உயர்த்தினார்கள் என்று ஒரு செய்தி. அதே நாள் இன்னொரு செய்தியில், ஒரு ரூபாய்கூட உயரவில்லை என்கிறார்கள். 2025-26க்கும் அதே 86,000 கோடிதான். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்திலும் இதே கதை: மூன்று மடங்கு உயர்வு என்கிறார் ஒருவர், வெட்டு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? எதிர்க்கேள்வி வந்தால் என்ன சொல்லட்டும்?

பிசானம்:

ஏம்மா, ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். எதோடு எதை ஒப்பிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நாலு பத்தி, அதாவது நாலு நெடுக்கு வரிசை, இருக்கும். முந்தின ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, அதைத் திருத்தியது, வரும் ஆண்டுக்கு ஒதுக்குவது. செய்தி எழுதுகிறவர் தமக்கு வேண்டிய ரெண்டு பத்தியை எடுத்துக்கொள்கிறார். 100 நாள் வேலைக்கு 2023-24இல் முதலில் ஒதுக்கியது 60,000 கோடி. வேலை கேட்டு ஆள் வந்ததும் அது போதவில்லை, 86,000 கோடியாகத் திருத்தினார்கள். கடைசியில் செலவு ஏறக்குறைய 89 ஆயிரம் கோடி. அதற்கடுத்த ஆண்டுக்கு 86,000 கோடி என்றால், 60,000த்தோடு ஒப்பிட்டால் 43 சதவீத உயர்வு. திருத்தியதோடு ஒப்பிட்டால் சுழி. உண்மைச் செலவோடு வைத்துப் பார்த்தால் குறைவு. நான் எப்போதும் அந்த மூன்றாவதைத்தான் பார்ப்பேன்.

ஜல் ஜீவன் இதற்கு நேர் எதிர். 2024-25க்கு 70,163 கோடி ஒதுக்கினார்கள். திருத்தும்போது 22,694 கோடிக்கு இறக்கிவிட்டார்கள். 2025-26க்கு 67,000 கோடி. மூன்று மடங்கு உயர்வு என்பது அந்த 22 ஆயிரத்தோடு ஒப்பிட்டு வந்தது. ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவே ஆகவில்லை என்பதல்லவா அங்கே பெரிய செய்தி? மார்ச் கடைசி வாரம் எங்கள் அலுவலகத்தில் பில் கட்டுகள் மேசைக்கு மேலும் கீழும் கிடக்கும், இரவு வரை பாஸ் பண்ணுவோம். அப்படியும் சில துறைகள் பெருந்தொகையைச் செலவழிக்காமல் சரண்டர் செய்யும், அதாவது திருப்பி ஒப்படைக்கும். ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கிற வரை ஒருவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வராது.

கடனா நதிப் பாசனம்:

அண்ணாச்சி, அப்போ உர மானியத்தை வெட்டியதும் இப்படிப்பட்ட கணக்குதானா? 2023இல் எங்கள் சங்கத்தில் அதற்காகக் கூட்டமே போட்டோம்.

பிசானம்:

அது வேறு சங்கதி. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலையும் உர விலையும் உலகம் முழுக்க எகிறின. மானியம் 2022-23இல் 2.51 லட்சம் கோடி வரை போனது. விலை இறங்கியதும் அடுத்த ஆண்டுக்கு 1.75 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். தொகை பெரிதாகக் குறைந்தது, ஆனால் நீங்கள் வாங்கிய 45 கிலோ யூரியா மூட்டை அதே 266 ரூபாய் 50 காசுதான். 2020-21 உணவு மானியமும் அப்படித்தான். 1.15 லட்சம் கோடி என்று தொடங்கி 5.41 லட்சம் கோடியில் முடிந்தது. கொரோனா கால இலவச தானியம் ஒரு பங்கு. பெரும்பகுதி, இந்திய உணவுக் கழகத்தின் பெயரில் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கி வைத்திருந்த கடனை அடைத்தது. அந்த ஏற்றத்துக்காக யாருக்கும் நாலு மடங்கு அரிசி கிடைக்கவில்லை.

என் மனதை அறுப்பது இந்த ஏற்ற இறக்கம் இல்லை, நகராமல் நிற்கிற தொகைதான். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 2007இலும் 200, 2025இலும் 200. மாநிலம் சேர்த்துத்தான் நம் ஊரில் 1,200 ஆகிறது. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் எல்லாம் அடங்கிய அந்தத் தலைப்புக்கு 2024-25இல் 9,652 கோடி, 2025-26இலும் 9,652 கோடி. குறைக்கவில்லை என்பதால் இது எந்தச் செய்தியிலும் வெட்டாக வராது. ஆனால் வருஷா வருஷம் வெட்டப்பட்டுக்கொண்டே வருவது இதுதான். வட்டி கட்ட மட்டும் 12.76 லட்சம் கோடி போகிற 2025-26 பட்ஜெட்டில், 50.65 லட்சம் கோடி மொத்தச் செலவில், இந்தக் கிழவிகளுக்கு நூறு ரூபாய் கூட்ட மனம் வரவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முக்கூடல் அக்கா:

நான் 100 நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். அண்ணாச்சி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். 100 நாள் வேலைக் கூலி நம் மாநிலத்தில் 319 ரூபாயிலிருந்து 2025 ஏப்ரலில் 336 ஆகியிருக்கிறது. மொத்தத் தொகை அதே 86,000 கோடி. கூலி ஏறி, தொகை நின்றால் என்ன ஆகும்? போன வருஷம் 100 ஆள் வேலைக்குப் போதுமான பணம் இப்போது 95 ஆளுக்குத்தான் வரும். போதாததற்கு, போன வருஷப் பாக்கியும் இந்தப் பணத்தில்தான் போகிறது. கார்த்திகையில் கரை மட்டம் பார்த்த பிள்ளைகளுக்குப் பொங்கல் கழிந்தும் கூலி வரவில்லை. பீடி சுற்றி அன்றைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் பொங்கல் பானை ஏற்றினார்கள். காலையில் வருகை எடுக்கும்போது, "மைனி, எப்ப ஏறும்?" என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்ல?

பிசானம்:

அந்தப் பாக்கி 1,056 கோடியை விடுவிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை அது.

சேரன்மகாதேவி மாணவி:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. அப்போ கோடிக் கணக்கை விட்டுவிட்டு ஆள், நாள் கணக்காகவே பேசட்டுமா?

முக்கூடல் அக்கா:

அப்படித்தான் பேசணும் தங்கச்சி. உங்கள் ஊராட்சியில் போன நிதியாண்டில் எத்தனை குடும்பத்துக்கு முழுசா 100 நாள் கிடைத்தது, ஒரு வேலை அட்டைக்குச் சராசரி எத்தனை நாள், எந்தத் தேதி வரைக்கும் கூலி ஏறியிருக்கிறது? இந்த மூன்றையும் ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அப்புறம் 319, 336 கணக்கைச் சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும். தீர்மான வாசகத்தையும் எழுதிக் கையில் கொண்டுபோங்க. கூட்டம் கலைவதற்கு முன்னால் அது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடணும்.