கஸ்டம் தூண்டில் ராடுக்கு ரேட் எப்படி போடுறீங்க? இதுவரைக்கும் பசங்களுக்கு மட்டும் கட்டினேன், இப்போ வெளியாளுங்க கேக்குறாங்க

முட்டுக்காடு_கொடுவா:

வணக்கம் மக்களே. சென்னைல ஐடி வேலை, ராடு கட்டுறது ராத்திரி வேலை. இத்தனை நாளா எனக்கும் கூட மீன் பிடிக்க வர்ற பசங்களுக்கும் மட்டும்தான் கட்டிட்டு இருந்தேன், சாமான் காசு மட்டும் வாங்கிப்பேன், மிச்சத்துக்கு அவனுங்க பிரியாணி வாங்கி குடுப்பானுங்க, கணக்கு முடிஞ்சுரும். இப்போ பழவேற்காடு பக்கம் பசங்க கைல இருக்குற ராட பாத்துட்டு முன்ன பின்ன தெரியாதவங்க நம்பர் வாங்கி கேக்குறாங்க. லேட்டஸ்ட்டா கோயம்புத்தூர்காரர் ஒருத்தர் கொடுவா மீனுக்கு லூர் ராடு (போலி இரை வீசி பிடிக்கிறது) ஒண்ணு வேணும், ரேட் சொல்லுங்கன்னு நிக்கிறாரு. இன்னும் பதில் சொல்லல.

என் கணக்கு இதான். பிளாங்க், அதாவது எதுவும் மாட்டாத வெறும் தண்டு, ஆறரை அடி, கார்பன், ரெண்டு பீஸ், இறக்குமதி டியூட்டி எல்லாம் சேத்து கைக்கு வர்றப்போ 4,800. ஃபூஜி கம்பெனி கைடு (லைன் ஓடுற வளையம்) செட்டு, நுனி வளையம் டிப்போட சேத்து 2,300. ரீல் மாட்டுற ரீல் சீட் 900, ஈவிஏ நுரை கிரிப் 700, கைட கட்டுற நூலு, அது மேல பூசுற எபாக்ஸி, பசைன்னு சில்லறையா ஒரு 500. ஆக 9,200. வேலை ஏறக்குறைய 14 மணி நேரம் இழுக்குது. 12,000 சொல்லலாம்னு இருக்கேன். ஆனா கடைக்கு போனா ஷிமானோ, டாய்வா ராடெல்லாம் இதுல பாதி காசுக்கே நிக்குது, இந்த ரேட்டுக்கு ஆள் ஓடிருவாரோன்னு ஒரு பயம், இன்னொரு பக்கம் இதுல எனக்கு என்ன மிஞ்சுதுன்னும் புரியல. கட்டி விக்கிறவங்க எப்படி போடுறீங்க?

நூல்சுத்தி:

தம்பி, 12,000ல சாமான் 9,200 போனா மிச்சம் 2,800. 14 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 200. பரவால்லையேன்னு தோணும். ஆனா அந்த 14ல என்னென்ன சேத்தீங்க? நூல் சுத்துறது, எபாக்ஸி போடுறது, கிரிப்போட ஓட்டைய ரீமர் வெச்சு ராவி ஒட்டுறது, இதுதானே? கஸ்டமர் ராத்திரி 11 மணிக்கு "அண்ணா மெட்டாலிக் நீலம் நல்லாருக்குமா இல்ல காப்பர் கலரா"ன்னு வாட்ஸப்ல கேப்பாரு, நீங்க ரெண்டையும் ஒரு துண்டு பிளாங்க்ல சுத்தி போட்டோ எடுத்து அனுப்புவீங்க, அது யார் கணக்கு? கைடோட கால (பிளாங்க் மேல உக்கார்ற பகுதி) அரம் வெச்சு ராவி மெலிசாக்குனாதான் நூல் படி ஏறாம வழுக்கிட்டு ஏறும், ஏழு கைடுக்கும் அத பண்ணணும். அப்புறம் கைட டேப்புல ஒட்டி, லைன் கோத்து, நுனில வெயிட் கட்டி வளைச்சு பாக்கணும், லைன் எங்கயாச்சும் பிளாங்க்ல உரசுனா அந்த கைட ரெண்டு மில்லி மேல தள்ளு, கீழ தள்ளு. இதுக்கே ஒரு சாயந்திரம் காலி.

எபாக்ஸி சமாச்சாரம் தனி. பழைய மைக்ரோவேவ் ஓவன் தட்டு மோட்டார்தான் நம்மள்ல பாதி பேரு வெச்சு சுத்துறோம், நிமிஷத்துக்கு அஞ்சாறு சுத்து, சூப்பரா இருக்கும், கரண்ட் இருக்குற வரைக்கும். எபாக்ஸி இன்னும் இளகலா இருக்கறப்போ கரண்ட் போச்சுன்னா மொத்தமும் அடிப்பக்கம் தொங்கி சொட்டு சொட்டா நிக்கும், காலைல பாத்தா பிளேடு வெச்சு சீவிட்டு இன்னொரு கோட்டு. மழைக்காலத்துல ஈரக்காத்துக்கு மேல மங்கலா பால் மாதிரி படியும், அதுக்கும் மறுபடி வேலை. இன்வெர்ட்டர், கெட்டுப்போன எபாக்ஸி, வெட்டி எறிஞ்ச நூலு, இதெல்லாம் ஒவ்வொரு ராடு மேலயும் கொஞ்சம் கொஞ்சம் ஏறணும். நான் சாமான் விலைல பத்து பர்சென்ட் இதுக்குன்னே எடுத்து வெச்சிருவேன். கூலி மணிக்கு 350க்கு கீழ இறங்குறதில்ல.

மண்டபம்_பாறை:

நூல்சுத்தி அண்ணே சொல்றத முழுசா ஒத்துக்க மாட்டேன். மணி கணக்குன்னு போனா புதுசா கட்டுறவன் ஒரு ராடுக்கு 30 மணி நேரம் எடுத்துப்பான், அவன் தாமதத்துக்கு கஸ்டமர் ஏன் காசு குடுக்கணும்? வாங்குறவர் யாரு, எந்த மீனுக்கு கேக்குறாருன்னு பாருங்க முதல்ல. அந்தமான் போய் ஜீடி (ஜயண்ட் ட்ரெவாலி, பெரிய பாறை மீன்) பிடிக்க பாப்பிங் ராடு (தண்ணி மேல போலி இரைய இழுக்குறது) கேக்குறவர் ஃப்ளைட்டு போட்டு ரூம்னு ஏற்கெனவே பெரிய தொகை எடுத்து வெச்சிருப்பாரு, ராடுல அஞ்சாயிரம் கூடுச்சுன்னு பின்வாங்க மாட்டாரு. கண்மாய்ல விரால் பிடிக்கிற பையன் 2,000 ரூபா ராடுலயே நம்மள விட நாலு மீன் கூட பிடிப்பான், அவன்கிட்ட போய் 12,000 சொன்னா சிரிப்பான்.

அப்புறம் கடை ராடோட போட்டி போடாதீங்க ப்ரோ, அது ஆயிரக்கணக்குல அடிக்கிற ஃபேக்டரி, பிளாங்க்கே அவனுக்கு நம்ம வாங்குற விலைய விட ரொம்ப கம்மிலதான் அடங்கும். கடை ராடு போதும்னு தோணுற ஆளுக்கு கடையையே கை காட்டிருங்க, நான் அப்படித்தான் பண்றேன், அதே ஆளு பின்னாடி திரும்ப வந்து கட்ட சொல்லுவாரு. நம்மகிட்ட வர்றதுக்கு காரணம் வேற. எனக்கு போன வருஷம் வந்தவர் கொஞ்சம் குட்டையான ஆளு, கடை ராடு எதை எடுத்தாலும் பின் கிரிப்பு முழங்கையைத் தாண்டி வெளிய வந்து சட்டைல மாட்டுது. ரீல் சீட்ல இருந்து முழங்கை வரைக்கும் டேப் வெச்சு அளந்து அதுக்கு ஏத்த மாதிரி கட்டி குடுத்தேன், ரேட் பத்தி ஒரு வார்த்தை பேசல.

நூல்சுத்தி:

மண்டபம் தம்பி, பாப்பிங் ராடுக்கு கூட வாங்கணும், அதுல சந்தேகமில்ல. ஆனா ஆள்கிட்ட காசு இருக்குங்கறது காரணமா இருக்கக்கூடாது. அதுல கைடு பெருசு, அடில ஒரு ராப்பு (நூல் சுத்து) மேல ஒரு ராப்பு, எபாக்ஸி ஒரு கோட்டு கூட, அதுபோக மீன் அடிக்கிறப்போ கைடு பிடுங்கிட்டு வந்தா நம்ம பேரும் அதோட போச்சு. வேலையும் பொறுப்பும் கூட, அதனால ரேட்டும் கூட. ஒரே ராடுக்கு ஆள் பாத்து ரெண்டு ரேட் சொன்னீங்கன்னா நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே வாட்ஸப் குரூப்புல தான் இருக்கானுங்க, ரெண்டே நாள்ல தெரிஞ்சுரும்.

கிள்ளான்_தோமான்:

மலேசியால இருந்து எழுதுறேன். இங்க ஜோரான் (மலாய்ல ராடு) கட்டுறவங்க நெறைய பேரு இருக்காங்க, போட்டி அதிகம். நான் பாத்த வரைக்கும் நிலையா காசு வர்றது புது ராடுல இல்ல, ரிப்பேர்ல. டிப் கைடு உடைஞ்சு வரும், சூடு காட்டுனா பழைய பசை இளகிடும், கழட்டிட்டு புதுசு ஒட்டணும், கொஞ்ச நேர வேலை, சாமான் போக 15 வெள்ளி (ரிங்கிட்) வாங்குறேன். நடு கைடு வளைஞ்சு வந்தா நூல அறுத்து மறுபடி சுத்தணும், அது வேற ரேட். இதுக்கெல்லாம் ஒரு சின்ன ரேட் கார்டு எழுதி வெச்சுக்கோங்க. ரிப்பேருக்கு வர்றவர்தான் உங்க ராப்பிங் எப்படின்னு கிட்டத்துல பாக்குறாரு, அடுத்த மாசம் அவரே புதுசு கட்ட சொல்லுவாரு.

இன்னொண்ணு, அலங்கார வேலைய பேஸ் ரேட்டுக்குள்ள விடாதீங்க. டைமண்ட் ராப் (நூல்லயே வைர வடிவ டிசைன்), பேரு எழுதுறது, இறகு வெச்சு மேல எபாக்ஸி போடுறது எல்லாம் தனித்தனி விலை. டைமண்ட் ராப் மட்டுமே சில நேரம் மிச்ச ராடு மொத்தத்தையும் விட நேரம் எடுக்கும், ஒரு நூல் நகந்தா கோடு கோணலாயிடும், பிரிச்சுட்டு முதல்ல இருந்து. "சும்மா சின்னதா ஒரு டிசைன் போடுங்க"ன்னு கேட்டா சின்னதுக்கும் விலை சொல்லுங்க.

முட்டுக்காடு_கொடுவா:

எல்லாருக்கும் நன்றி. அப்போ நூல்சுத்தி அண்ணே கணக்குல போட்டா 9,200, மேல பத்து பர்சென்ட்டுக்கு ரவுண்டா 900, கூலி 14 மணி நேரம் 350 வீதம் 4,900, மொத்தம் 15,000 வருது. வாட்ஸப் பேச்செல்லாம் இதுல சேக்கல. கேட்டா பெருசாதான் இருக்கு, ஆனா எங்க இருந்து வருதுன்னு இப்போ எனக்கே சொல்ல தெரியும். ரெண்டு கேள்வி பாக்கி. கோயம்புத்தூருக்கு பார்சல் செலவு இதுக்குள்ளயா வெளியவா? ராடு உடைஞ்சா என்ன பதில் சொல்றது?

பிவிசி_குழாய்:

பார்சல் எப்பவும் வெளிய. கொரியர்காரன் ராடு எடைய பாக்க மாட்டான், நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ல வகுத்து வர்ற எடைக்குதான் காசு கேப்பான், பெரும்பாலும் அதான் கணக்கு. உங்க ராடு ரெண்டு பீஸ், குழாய் 115 சென்டிமீட்டர், 10க்கு 10ன்னா 2.3 கிலோ. இதே ஏழடி ஒரே பீஸ்னா குழாய் 215 ஆயிடும், 4.3 கிலோ, உள்ள இருக்குறது கால் கிலோ கூட தேறாது. குழாய்க்கு ரெண்டு பக்கமும் மூடி போட்டு ஸ்குரூ அடிங்க, வெறும் டேப் நம்பாதீங்க, ஒரு கொரியர்ல எனக்கு டிப் மூடிய குத்திட்டு வெளிய எட்டி பாத்துட்டு வந்துச்சு. பிளாங்க் இறக்குறப்பவும் இதே கதைதான், டியூட்டியே ஃப்ரைட்டையும் (சரக்கு கூலி) சேத்துதான் போடுவாங்க, அதனால ஒண்ணு ஒண்ணா வரவழைக்காம நாலஞ்சு பேரு சேந்து ஒரே குழாய்ல போட்டா உங்க 4,800 இறங்கும்.

உடையுற விஷயம், முதல்லயே எழுதி குடுத்துருங்க. நூல், எபாக்ஸி, ஒட்டுன இடம், இதுல குறைன்னா ஒரு வருஷம் நான் இலவசமா சரி பண்ணுவேன், பிளாங்க் உடைஞ்சா கம்பெனி வாரண்டி குடுத்தா பிளாங்க் மட்டும் ஃப்ரீ, திரும்ப கட்டுற கூலி கஸ்டமரோடது. மீன பக்கத்துல இழுத்துட்டு ராட செங்குத்தா தூக்கி உடைக்கிறவங்கதான் அதிகம், கார் கதவுல நசுக்குறவங்க அடுத்து. ரெண்டையும் வாரண்டில வராதுன்னு பேரு சொல்லியே எழுதுங்க.

வெளி மாநில ஆர்டர் வந்தா ஜிஎஸ்டி ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுருங்க, வருஷ விற்பனை 40 லட்சம்ங்கற லிமிட்டெல்லாம் மாநிலத்துக்குள்ள விக்கிறவங்களுக்குத்தான், பொருள் பார்டர் தாண்டுனா பொதுவா ரிஜிஸ்ட்ரேஷன் கேப்பாங்க. கோயம்புத்தூருக்கு பிரச்சனை இல்ல.

முட்டுக்காடு_கொடுவா:

சூப்பர் அண்ணா. அவர்கிட்ட 15,000, பார்சல் தனி, டிசைன் தனின்னு சொல்லிட்டேன். யோசிச்சு சொல்றேன்னாரு. கேக்க மறந்தது, அட்வான்ஸ் எவ்வளவு வாங்குறீங்க?

நூல்சுத்தி:

சாமான் காசு முழுசும் முன்னாடியே, அதாவது அந்த 9,200. பிளாங்க் வாங்கி, அவர் கைக்கு கிரிப்ப வெட்டுன பிறகு வேணாம்னு சொன்னா அத வேற யாருக்கும் விக்க முடியாது. மிச்சம் முடிஞ்ச ராட போட்டோவும் வெயிட் கட்டி வளைச்ச வீடியோவும் அனுப்புன அப்புறம், பார்சல் போடுறதுக்கு முன்னாடி. கூட்டாளி பசங்களுக்கும் இதே ரூல்தான் தம்பி, வேணும்னா அவனுங்களுக்கு கூலில குறைச்சுக்கோங்க, சாமான்ல கைய வைக்காதீங்க.