சின்ன ஊர்க் "கோட்டை": விருப்பமா, பயமா?

ஓடைக்கரை:
எங்களுடையது சின்னப் பேரூராட்சி. தேர்தல் முடிந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அது அவங்க கோட்டை." நான் நம்பவில்லை. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வெளியே தெரிவதால் வரும் பயமும் அதில் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் அது தெரியாமலிருக்க, பல வாக்குச்சாவடிச் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண வழி இருந்தது. தேர்தல் நடத்தை விதி 59ஏ அதற்கானது. தமிழ்நாடு 2001 சட்டமன்றத் தேர்தலில் முழுக்க இயந்திரத்துக்கு மாறியது. இப்போது இயந்திரம் இயந்திரமாக எண்ணி, முடிவுத் தாளான படிவம் 20-ல் சாவடிவாரியாகப் போடுகிறார்கள்.

மாநகரத்தில் இதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. இங்கே தெருவை வைத்துத்தான் சாவடி பிரிகிறது. தெருவோ சாதியை வைத்து அமைந்தது. ஆக, சாவடிக் கணக்கு என்றால் தெருக் கணக்கு. எங்கள் சாவடியில் தோற்றவருக்கு விழுந்தது 16 ஓட்டு. அந்த 16 பேர் யார் யார் என்று மறுநாளே விரல்விட்டு எண்ணினார்கள். அடுத்த தேர்தலில் அதில் பாதிகூட இல்லை. மனம் மாறிவிட்டதா, பயந்துவிட்டார்களா?

பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும் டோட்டலைசர் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையத்தின் 255-வது அறிக்கையும் 2015-ல் அதையே சொன்னது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முன்னாள்_முகவர்:
ஐந்து தேர்தலில் கட்சியின் முகவராக எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். ஓட்டுப்பதிவு முடிந்ததும் அந்தச் சாவடியின் ஓட்டுக் கணக்கான படிவம் 17சி-யை முகவர் கையில் தருகிறார்கள். அந்தச் சாவடியில் பதிவானது எத்தனை, இயந்திரம் காட்டுவது எத்தனை என்று ஒத்துப் பார்க்க எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். 2019-லிருந்து ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் விவிபாட் சீட்டையும் (போட்ட ஓட்டை இயந்திரம் அச்சிட்டுக் காட்டும் காகிதச் சீட்டு) எண்ணி ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் எதை எதோடு ஒத்துப் பார்ப்பது?

அப்புறம், சின்ன ஊர்க்காரன் என்றாலே பயந்துதான் ஓட்டுப் போடுவான் என்பதை ஏற்க மாட்டேன். 2019 ஏப்ரல் 18-ஐ நினைத்துப் பாருங்கள். மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் அன்றே நடந்தது. மக்களவையில் அதிமுகவுக்குத் தேனி மட்டும்தான். ஆனால் மே மாதம் நடந்த நான்கையும் சேர்த்து 22 இடைத்தேர்தல்களில் அதே அதிமுக 9 இடம் பிடித்தது. ஒரே வரிசையில் நின்றவர்கள், டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். இது பயந்தவன் செய்கிற வேலையா?

ஓடைக்கரை:
ஐயா, அது தொகுதிக் கணக்கு. ஒரு தொகுதியில் லட்சக்கணக்கான ஓட்டு. நான் பேசுவது ஐந்நூறு, அறுநூறு ஓட்டுள்ள சாவடியைப் பற்றி. அங்கே யாரும் பிரித்துப் போட்டால் தெரிந்துவிடும்.

எண்ணும்எழுத்தும்:
இடையில் ஒன்று. சாவடித் தொகையைப் பார்த்து ஆளைச் சொல்வது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். 1950-ல் ராபின்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதல். ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவரிடம்தான் எழுத்தறிவு குறைவு. அவர்கள் போய்க் குடியேறியது படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில். அதனால் ஒரு சாவடியில் 60 சதவீதம் ஒரு கட்சிக்கு என்றால், எந்தச் சாதி எதற்குப் போட்டது என்று சொல்லவே முடியாது.

ஆனால் 620-ல் 604 என்றால்? அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. தெரு மொத்தமும் தெரிந்துவிட்டது. கோட்டை என்று சொல்லப்படும் ஊர்களில்தான் ரகசிய வாக்கு மிக மெலிந்து போகிறது. இந்த இடத்தில் ஓடைக்கரை சொல்வது சரி.

முன்னாள்_முகவர்:
ஒருபக்கமாகப் போடுவதெல்லாம் மிரட்டல் இல்லை. குடிநீர்க் குழாயும் ரேஷன் கடையும் வேண்டும் என்று தெருவே கூடிப் பேசி ஒரே கட்சிக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். "எங்க தெருவுல இத்தனை ஓட்டு, பாருங்க" என்று வேட்பாளரிடம் கணக்கைக் காட்டித்தான் கேட்பார்கள். அந்தக் கணக்கை மறைத்தால் அவர்கள் எதைக் காட்டிக் கேட்பார்கள்?

ஓடைக்கரை:
போட்ட தெருவுக்குக் குழாய் வரும், சரி. போடாத தெரு?

முன்னாள்_முகவர்:
இதற்கு உடனே பதில் எழுத வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன்.

முன்னாள்_முகவர் (இரண்டு நாள் கழித்து):
எண்ணிக்கை முடிந்ததும் சாவடிவாரியாக எண்களை ஒரு தாளில் எழுதிக் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளரிடம் கொடுப்பது என் வேலை. எங்களுக்கு விழாத சாவடிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவேன். ஒருமுறை அப்படிக் கோடு போட்ட தெருவுக்குத் தீர்மானம் ஆகியிருந்த சாலை அடுத்த ஐந்து வருடம் வரவில்லை. காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாளைக் கொடுத்தது நான்.

டோட்டலைசரை இன்றும் முழுசாக ஏற்கவில்லை. 17சியும் விவிபாட் சரிபார்ப்பும் முகவர் முன்னால் சாவடிவாரியாகவே நடக்கட்டும். ஆனால் வெளியிடும்போது பத்துப் பதினைந்து சாவடிகளைச் சேர்த்து ஒரே தொகையாகப் போடலாம். முகவருக்குத் தெரிந்தது வெளியே கசியாதா என்று கேட்பீர்கள். கசியும். அதை எப்படித் தடுப்பது என்றுதான் இனிப் பேச வேண்டும்.