கிராக்கோவ் புனித மரியா ஆலயம்: சதுக்கத்துக்குக் கோணலாக நிற்பது ஏன்?

கேள்வி (வரைபடப்பிரியன்)

போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கும் புனித மரியா பங்கு ஆலயத்தின் தரைப்படத்தைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. முதன்மைச் சதுக்கம் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் கொண்ட ஒழுங்கான சதுரம். ஆலயம் மட்டும் அதற்குக் கோணலாகத் திரும்பி நிற்கிறது. முகப்பின் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரம் இல்லை. நடுக்கூடம் (மக்கள் கூடும் நடுப்பகுதி) 28 மீட்டர் உயரம். ஆனாலும் பிரெஞ்சு கோதிக் ஆலயங்களில் காண்பதுபோல வெளியே வளைந்து தாங்கும் உதைவளைவுகள் இல்லை. கோபுரம் கட்டிய அண்ணன் தம்பி சண்டைக் கதை தெரியும், அது வேண்டாம். கட்டுமானக் காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1 (பழங்கோட்டை)

ஆலயம் முந்தியது, சதுக்கம் பிந்தியது. 1220-களின் தொடக்கத்தில் ஆயர் இவோ ஒட்ரோவோன்ஷ், அதுவரை பங்கு ஆலயமாக இருந்த திருத்துவ ஆலயத்தைத் தொமினிக்கன் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டு, பங்கை இந்த இடத்துக்கு மாற்றினார். பீடம் கிழக்கே இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி அதன் அச்சு அமைந்தது. 1241 மங்கோலியப் படையெடுப்பில் அந்த ஆலயம் அழிந்தது. 1257-இல் கோமகன் போலெஸ்வாவ் நகரச் சாசனம் வழங்கியபோதுதான் இப்போதுள்ள சதுக்கமும் தெருக்களும் அளந்து போடப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் ஆலயத்தை மீண்டும் எழுப்பியவர்கள் பழைய அச்சையே வைத்துக்கொண்டார்கள். சதுக்கத்திலேயே இருக்கும் சின்னஞ்சிறு புனித வோய்ச்செக் ஆலயத்தையும் பாருங்கள். சாசனத்துக்கு முந்திய அதுவும் சதுக்கம், தெருக்களின் நேர்கோட்டுக் கட்டத்துக்குள் அடங்காமல்தான் நிற்கிறது.

கோபுரங்களுக்கு வேலை வேறு வேறு. வடக்குக் கோபுரம் (82 மீட்டர்) நகரத்தின் காவல் கோபுரம். தீயும் பகையும் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று உயர்த்தினார்கள். அதன் கூர்முடி 1478-இலும், முடியைச் சுற்றிய பொன்முலாம் கிரீடம் 1666-இலும் வந்தவை. தெற்குக் கோபுரம் (69 மீட்டர்) மணிக்கூண்டு. ஆடும் மணி சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், குட்டையான கோபுரத்தில் மணிகளைத் தொங்கவிட்டது நல்ல முடிவு.

உயர்ந்த கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை நான்கு திசைக்கும் ஊதப்படும் எக்காளத்துக்கு 1392 முதல் பதிவு உண்டு; இன்றும் தீயணைப்பு வீரர்களே ஊதுகிறார்கள். 1241-இல் தாத்தாரியர் (மங்கோலியப் படையினர்) அம்பு பட்டு ஊதுபவர் பாதியில் நிறுத்தினார் என்ற கதையை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அந்த ஆண்டில் இந்தக் கோபுரமே கிடையாது.

பதில் 2 (செங்கல்சூளை)

உதைவளைவு பற்றி. உயர்ந்த வளைகூரை தன் பாரத்தால் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தள்ளுதலைக் கல் வளைவுகள் வழியாகப் பக்கக்கூடத்துக்கு மேலே கடத்தி வெளியே இறக்கினார்கள். கிராக்கோவில் சுவர் செங்கல். ஜன்னல் சட்டம், விலா வளைவு போன்ற நுண்வேலைக்கு மட்டுமே கல். செங்கல்லில் அப்படி மெலிந்த வளைவைக் கட்டி மழைக்கும் உறைபனிக்கும் விடுவது ஆபத்து. அதனால் தூணின் பக்கக்கூடப் புறத்திலேயே உதைசுவரை (தள்ளுதலைத் தாங்கும் முட்டுச்சுவரை) ஒட்டிக் கட்டி, பக்கக்கூடத்தின் கூரையைத் துளைத்து மேலே கொண்டுபோனார்கள். தூண்கள் குறுக்குவாக்கில் தடித்து நீள்சதுரமாக இருப்பதன் காரணம் இதுதான். கிராக்கோவிலேயே உள்ள வாவெல் பேராலயத்திலும் புனித கத்தரீனா ஆலயத்திலும் இதே முறை.

கட்டிய வரிசையைக் கவனித்தால் இன்னும் தெளியும். இன்றைய பீடமுற்றம் (பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி) 1355–1365-இல், வணிகர் மிகோவாய் வியெஜினெக்கின் கொடையில் எழுந்தது. நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் முதலில் ஏறத்தாழ ஒரே உயரம். 1390-களில்தான் நடுக்கூடத்தை உயர்த்தி மேல்வரிசை ஜன்னல்கள் வைத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், வெளிச்சுவரின் உதைசுவர்களுக்கு இடையே இருந்த இடங்களைச் சிற்றாலயங்களாக அடைத்தார்கள். அதே காலத்தில் பீடமுற்றத்தின் வளைகூரை இடிந்து, நட்சத்திர வடிவில் புதிதாகக் கட்டப்பட்டது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நேரில் பார்க்கும்போது எந்தப் பகுதி பழையது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் 3 (செங்கல்சூளை)

வெளிச்சுவரில் ஒரே வரியைத் தொடர்ந்து பாருங்கள். செங்கல்லின் நீளப்பக்கம் இரண்டு, தலைப்பக்கம் ஒன்று என்று மாறி வந்தால் பெரும்பாலும் பழைய அடுக்கு. நீளம் ஒன்று, தலை ஒன்று என்று வந்தால் பிந்தியது. இதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லிவிடாதீர்கள். பழுதுபார்த்த இடங்களில் புதுச் செங்கல் கலந்திருக்கும். முகப்பு வாசலில் துருத்தி நிற்கும் பலகோண மண்டபம் 1750-களின் பரோக் வேலை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உள்ளே செங்கல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். 1889–1891-இல் யான் மாத்தேய்க்கோவின் வண்ண ஓவியங்கள் சுவரை மூடிவிட்டன.

பதில் 4 (மரச்சிற்பி)

உள்ளே போனால் நேராக மரச்சிற்பப் பீடத்துக்குப் போங்கள். நியூரம்பர்க்கிலிருந்து வந்த வைட் ஸ்டோஸ் 1477–1489-இல் செய்தது. நகரத்தார் கொடுத்த கூலி 2,808 பொற்காசு. ஏறத்தாழ 13 மீட்டர் உயரம், 11 மீட்டர் அகலம். சட்டகம் ஓக், பின்பலகை லார்ச், உருவங்கள் லிண்டன். நடுவில், சாயும் மரியாவைத் தாங்கும் திருத்தூதர்களின் உருவங்களில் பெரியவை 2.7 மீட்டர் வரை. இத்தனை பருமனான மரம் காயும்போது வெளிப்புறம் சுருங்கி நடுவை நோக்கிப் பிளக்கும். அதனால் முதுகுப்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிடுவது அக்காலச் சிற்பிகளின் வழக்கம். கைகளைப் பாருங்கள்: புடைத்த நரம்பு, முட்டி விரல், தோல் சுருக்கம் எல்லாம் உளியில் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பீடத்தைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். நியூரம்பர்க் கோட்டையின் நிலவறையில் கிடைத்து 1946-இல் போலந்து திரும்பியது, ஆலயத்துக்குள் 1957-இல்தான் வந்து சேர்ந்தது. பீடத்தின் இருபுறமும் கதவுபோல மூடும் இறக்கைகளை வழக்கமாக முற்பகல் 11:50-க்குத் திறப்பார்கள். அதற்கு முன்பே போய்விட்டால் மூடிய பக்கத்தின் 12 புடைப்புச் சிற்பங்களையும் பார்த்துவிடலாம்.