லண்டன் இலையுதிர் காலம்: நீங்கள் செய்ததிலேயே விநோதமானது எது?

ஈஸ்ட்ஹாம்காரன்

ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், மெழுகுப் பொம்மை என்று கூட்டிப்போய் அலுத்துவிட்டது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இந்த ஊரில் வேறு என்னென்னவோ நடக்கிறது. யாராவது சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ரிச்மண்ட் பார்க், அக்டோபர் நடு, விடிந்தும் விடியாத நேரம். மான்கள் இணை சேரும் பருவம், தெரியும்தானே. மான் என்றால் மருளும், துள்ளும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த ஆண் மான் கத்தியதைக் கேட்க வேண்டும். பழைய ரைஸ்மில்லில் பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் போட்டதும் ஒரு உறுமல் கிளம்புமே, அது. கொம்பு நிறையக் காய்ந்த பெரணிச் செடி. வேண்டுமென்றே புதரில் முட்டி அதை மாட்டிக்கொள்ளுமாம், எதிராளிக்குப் பெரிய ஆளாகத் தெரிய. மூக்கிலிருந்து ஆவி.

ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இருபதுகூட இருந்திருக்காது. நாங்கள் கிட்டே போகவில்லை, அது வந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவள் என் காதோடு, "அப்பா, அதுக்கு வயித்து வலியா?" என்றாள்.

எடுத்த வீடியோவில் மான் இல்லை. என் ஷூவும் என் மூச்சுச் சத்தமும்தான் இருக்கின்றன.

வேலணைப் பொடியன்

நான் விரும்பிச் செய்ததில்லை. ஆனால் விநோதம் என்றால் இதுதான். அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரத்துக்காக விடியற்காலை இரண்டு மணிக்கு மணிக்கூட்டைத் திருப்பி ஒரு மணியாக்குகிற இரவு. அப்போது எனக்குப் பெற்றோல் செட்டில் இரவு வேலை. கதவு பூட்டு, ஜன்னலுக்குள்ளால்தான் வியாபாரம்.

1:40க்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து பாலும் பூனைச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒருத்தரும் இல்லை. நான் தேத்தண்ணீர் குடித்து, நிலம் துடைத்து முடிக்க, அதே மனுசன் திரும்ப வருகிறார். பூனைச் சாப்பாட்டை மாறி வாங்கிவிட்டாராம். மாற்றிக் கொடுத்து, இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் 1:40. கிழவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நான் இன்னும் வரவில்லை" என்றார். இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்தோம்.

ஒன்பது மணித்தியாலம் நின்றேன், எட்டுக்குத்தான் சம்பளம் வந்தது. முதலாளி நம்முடைய ஆள்தான். பெயர் வேண்டாம்.

சேற்றுக்கால்

தேம்ஸில் தண்ணீர் வடிந்திருந்தபோது பேங்க்சைட் பக்கம் படி இறங்கினேன். மட்லார்க்கிங், அதாவது தண்ணீர் வடிந்த ஆற்றுச் சேற்றில் பழைய பொருள் தேடுவது. அக்டோபர் மாலை, ஆற்றங்கரையில் ஆளே இல்லை. எலும்புத் துண்டு, ஓட்டுச் சில்லு, ஆணி. நடுவில் சாக்பீஸ் மாதிரி ஒன்று. களிமண் சுங்கான். வாய்ப்பக்க நுனி உடைந்திருந்தாலும் புகையிலை வைக்கிற கிண்ணம் அப்படியே இருந்தது. என் சுண்டுவிரல் நுனிகூட உள்ளே போகவில்லை. புகையிலை தங்க விலை விற்ற காலத்தில் கிண்ணத்தைச் சின்னதாகச் செய்வார்களாம். சின்னது என்றால் பழசு.

தண்டில் ஒரு இடம் மட்டும் லேசாகக் குழிந்து தேய்ந்திருந்தது. பல்லால் கடித்துக் கடித்துத்தான். யாரோ ஒருவன், படகோட்டியோ மூட்டை தூக்கியோ, வேலை கிடைக்கும் வரை நின்று கடித்த இடம். நான் என்ன நினைத்தேனோ, அதே இடத்தில் என் நகத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் இருக்கிறது. தினமும் பாத்திரம் கழுவும்போது அது என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

விதிப்படி

மேலே எழுதிய சகோதரி கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லாமல் போனால் வேறு யாராவது படித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். தேம்ஸ் கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். தோண்டினால்தான் என்றில்லை, கண்ணால் தேடினாலும் வேண்டும். சீட்டுக்கே காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. முந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் லண்டன் அருங்காட்சியகத்தில் அதைப் பதிவு செய்கிற அலுவலரிடம் காட்ட வேண்டும். உங்கள் சுங்கான் நீங்கள் சொல்கிற அளவு சின்னது என்றால் அந்தக் கணக்கில் வரலாம்.

அடுத்தது தண்ணீர். லண்டன் பிரிட்ஜ் அருகே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு மீட்டர் வரை வித்தியாசம் வரும், அதாவது இரண்டு மாடி. திரும்பி ஏறும்போது ஓடிவந்த மாதிரி ஏறும். ஓத அட்டவணை பார்க்காமல் போகக் கூடாது, தனியாகப் போகக் கூடாது, இறங்கிய படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. கையுறை அவசியம். கையில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், விளையாட்டில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்பு. அதெல்லாம் முடியாது என்றால் வழிகாட்டியோடு கூட்டிப்போகிற நடைகள் இருக்கின்றன, பணம் கட்டிப் போகலாம்.

என் சொந்த அனுபவம்: ஒருமுறை போனேன். மழை. திரும்பி வந்துவிட்டேன்.

சேற்றுக்கால்

அண்ணா, உங்கள் கதையை விட உங்கள் கையுறை பெரிதாக இருக்கிறது. ஆனாலும் சரி, காட்டுகிறேன். வாங்கி வைத்துக்கொண்டால் ஜன்னல் வெறிச்சோடிவிடும், அதுதான் யோசனை.

மாடிவீட்டு மருமகள்

அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது நடந்தது. கிரீனிச் பார்க்கில் நடந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்க்கிறேன், அத்தையைக் காணோம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முந்தானையில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பளபளவென்று, எண்ணெய் தேய்த்த தேக்கு நிறத்தில். "ராத்திரிக்கு வேக வைக்கலாம்டி." நான் அலறினேன். அது காங்கர், ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் காய். வறுத்துத் தின்கிற செஸ்ட்நட் வேறு, இது வயிற்றைக் கெடுத்துவிடும். (முள் ஊசி மாதிரி நெருக்கமாக இருந்தால் தின்கிற காய், தடித்த முள் அங்கொன்று இங்கொன்று என்றால் காங்கர். தின்கிற காய்க்கு நுனியில் சின்னக் குடுமி இருக்கும்.)

அத்தைக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தை மட்டும் எடுத்து மற்றதைக் கொட்டிவிட்டார். ஒன்றை மேலே வீசி, நாலை வாரி, விழுவதைப் பிடித்து... அஞ்சாங்கல். எழுபத்திரண்டு வயதில் ஒரு காய்கூடத் தவறவில்லை. ஏழெட்டு வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு எதிரே வந்து நின்றான். அவன் கையிலும் ஒரு காங்கர், நடுவே ஓட்டை போட்டு ஷூ லேஸ் கோத்திருந்தான். இவர்கள் ஆட்டம் அது, ஒருத்தர் காயை மற்றவர் காயால் அடித்து உடைப்பது. அத்தைக்கு ஆங்கிலம் வராது, அவனுக்குத் தமிழ் வராது. பத்து நிமிடம் இவர் காயை அவன் உடைத்தான், அவனுக்கு இவர் வீசிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். போகும்போது லேஸோடு அந்தக் காயை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அம்மா பின்னாலிருந்து, "உன் ஷூ!" என்று கத்தினார்.

விதிப்படி

கிரீனிச் மாதிரி ராயல் பார்க்குகளில் காய், காளான் எதையும் பறிக்கவோ பொறுக்கி எடுத்துப்போகவோ கூடாது. மான், அணிலுக்கு அதுதான் சாப்பாடு. தகவலுக்காகச் சொல்கிறேன்.

மாடிவீட்டு மருமகள்

தெரியும் சார். கொட்டிவிட்டோம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஹாரோ அண்ணாச்சி

மான், மண்ணு எல்லாம் சரி. பட்டாசை யாருமே சொல்லவில்லையே? நவம்பர் 5, கை ஃபாக்ஸ் இரவுக்கு இவர்கள் வெடிப்பதைப் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு, நாமே வெடிப்பதைச் சொல்ல விட்டுவிட்டோம். இங்கே சாதாரண நாளில் இரவு பதினொன்றுக்கு நிறுத்த வேண்டும், நவம்பர் 5 அன்று பன்னிரண்டு வரை, தீபாவளிக்கு ஒரு மணி வரை. சட்டத்திலேயே இருக்கிறது! நான் வருடா வருடம் தோட்டத்தில், குடை பிடித்துக்கொண்டு, ஈரப் புல்லில் புஸ்வாணம் வைக்கிறேன். பாதி புஸ்ஸென்று போகும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலில் நின்று ஒவ்வொன்றுக்கும் கை தட்டுவார், எரியாததற்கும் சேர்த்து.

கீதாரி பேரன்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். லண்டன் நகர ஃப்ரீமேன் பட்டம் பெற்றவர்களுக்கு, சுங்கம் கட்டாமல் பாலத்தில் ஆடு ஓட்டிப்போகிற பழைய உரிமை உண்டு. கம்பளிக்காரர் சங்கம் அதை வைத்து செப்டம்பர் கடைசியில் நன்கொடைக்காக ஆடு ஓட்டும் விழா நடத்துகிறது. 2024இல் தேம்ஸ் மேலே இருக்கிற சதக் (Southwark) பாலத்தில் நடந்தது. ஆபீஸ் நண்பன் கூப்பிட்டான், சும்மா போனேன்.

எங்கள் தாத்தா ராமநாதபுரம் பக்கம் கிடை போட்டவர். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார், ஆட்டோடு கீழத் தஞ்சை வரைக்கும் போய்விடுவார். எனக்கு ஆடு என்றால் அவர் துண்டில் வரும் வாசனை. இங்கே தடுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே தொப்பியும் கோட்டும் போட்ட கனவான்கள் கையை விரித்துக்கொண்டு, "கம் ஆன், கம் ஆன்" என்று கெஞ்சுகிறார்கள். ஆடுகள் பாலத்து நடுவில் நின்றுவிட்டன. ஒரு அடி நகரவில்லை. முன்னால் நிற்பதை நகர்த்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். அதை யாரும் செய்யவில்லை.

என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. முப்பது வருடமாக அதை எழுப்பியதில்லை. முன்னால் நின்ற ஆடு காதைத் திருப்பி என் பக்கம் பார்த்தது. நடந்ததா என்றால், நடந்தது. என்னால்தானா, தெரியாது. நண்பன், "என்னடா அது?" என்றான். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்காரன்

என்ன சத்தம் அண்ணே? எழுதிக் காட்டுங்களேன்.

கீதாரி பேரன்

எழுத்தில் வராது தம்பி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி இறங்கணும், கூடவே கொஞ்சம் காற்று. செப்டம்பர் கடைசி ஞாயிறு வா, தடுப்புப் பக்கம் நின்று போட்டுக் காட்டுகிறேன்.

விதிப்படி

விழா தேதியும் பாலமும் மாறக்கூடும், போகும் முன் பார்த்துவிட்டுப் போங்கள். நானும் வருகிறேன்.