ஜார்ஜ் மைக்கன்: நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, வெறும் உயரமா?

கூடைப்பித்தன்:
தொழில்முறை கூடைப்பந்தின் முதல் நட்சத்திரம் என்று மைக்கனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். ஆறடி பத்து அங்குலம், சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் காலத்தில் அவ்வளவு உயரம் அபூர்வம். கூடைக்கு அடியில் நின்றால் யார்தான் போட மாட்டார்கள்? அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில் கறுப்பின ஆட்டக்காரர்கள் கால் வைத்ததே 1950-ல்தான். 1948-ல் கறுப்பின ஆட்டக்காரர்களே ஆடிய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி இவருடைய லேக்கர்ஸ் அணியை 61-59 என்று தோற்கடித்தது ஞாபகம் இருக்கட்டும்.

நெட்டைக்கொக்கு:
உயரம் போதுமென்றால் டீபால் பல்கலைக்கழகத்துக்கு வந்த அன்றே ஜொலித்திருக்க வேண்டுமே. தன் கால் தனக்கே தடுக்கும் பையன் அவர். பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்ட வைத்தார், நடனம் கற்றுக்கொள்ள வைத்தார். அப்புறம் அந்தப் பயிற்சி: கூடைக்கு அடியில் வலக்கையால் வலப்பக்கம் ஒன்று, பந்து தரையைத் தொடுவதற்குள் பிடித்து இடக்கையால் இடப்பக்கம் ஒன்று, நிற்காமல். இன்றும் அதற்கு மைக்கன் டிரில் என்றே பெயர். பள்ளியில் நானும் செய்திருக்கிறேன். இருபதைத் தாண்டினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

கூடைப்பித்தன்:
சரி, உழைப்பாளி. ஆனால் 1951-ல் கூடைக்கு முன்னால் உள்ள, தாக்கும் அணிக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கியதும் ஆட்டத்துக்கு அவருடைய புள்ளிச் சராசரி 28.4-லிருந்து 23.8-க்கு இறங்கிவிட்டதே?

நெட்டைக்கொக்கு:
இறங்கியது. அதற்கப்புறம் 1952, 53, 54 என்று வரிசையாக மூன்று கோப்பை! ஒரே ஆளுக்குப் பயந்து கட்டத்தின் கோடுகளையே அழித்து வரைந்திருக்கிறார்கள், அதுவே போதாதா? 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி அவரிடம் பந்து போகக் கூடாதென்று நேரத்தை ஓட்டியே 19-18 என்று ஜெயித்தது. லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கன் போட்டது.

டீக்கடை பெஞ்ச்:
காசு கொடுத்து அதைப் பார்த்தவர்கள் பாவம்.

கூடைப்பித்தன்:
அந்த இழுவைக்கு முடிவு கட்ட, பந்து கிடைத்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது 1954-ல். அதே வருடம் இவர் ஓய்வு. 1955-56-ல் திரும்பி வந்து 37 ஆட்டம், சராசரி 10.5 புள்ளி. ஆட்டம் வேகமெடுத்ததும் ஆள் காலி.

நெட்டைக்கொக்கு:
இடையில் ஒரு சீசன் முழுக்க ஆடாத உடம்பு அது. 1949 இறுதிச் சுற்றில் மணிக்கட்டு முறிந்து, கட்டோடு ஆடிய மனிதர். கறுப்பினத்தவரை ஒதுக்கியதைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

கூடைப்பித்தன்:
அதை விடவும் மாட்டேன். டிரில்லை வேண்டுமானால் நாளைக் காலை போட்டுப் பார்க்கிறேன். இடக்கைதான் ஒத்துழைக்காது.